பூஜைக்கு ஊற்றிய ஒரு லிட்டர்

எங்கள் குடியிருப்போர் குழுவில் மாதம் ஒரு முறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "என் சின்னக் காருக்கு எந்த ஆயில் ஊற்றலாம்? எவ்வளவு ஊற்றலாம்?" உடனே பதில்கள் வந்து குவியும். ஒருவர் கடையிலேயே விலை அதிகமானதைச் சொல்வார். இன்னொருவர் தன் மாமனார் எத்தனையோ வருடமாக ஊற்றி வருவதைச் சொல்வார். நான் ஒரே வரி எழுதுவேன்: "காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயில், அளவுக் குச்சியின் மேல்கோட்டைத் தாண்டாத அளவு." அதை யாரும் சட்டை செய்வதில்லை. போன வாரம் கீழ்வீட்டுக்காரர், "மேடம், நீங்க ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ல இருந்தவங்களாமே, கொஞ்சம் விளக்கமா எழுதுங்களேன்" என்றார். சரி, எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் கேட்டவரைக் கேளுங்கள்.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்த ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தபோது தட்டச்சு தெரியும், கணக்கு வரும், அவ்வளவுதான். கேஸ்கெட் எது, பேரிங் எது என்று பிரித்துப் பார்க்கவே இரண்டு வருடம் ஆயிற்று. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன்.

அளவை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர்கள். களத்தில் யாருக்கு மரக்காலைக் குவித்து அளக்கிறார்கள், யாருக்குத் தலைதட்டி அளக்கிறார்கள் என்பதைப் பார்த்தபடியே வளர்ந்தேன். அதனால் ஸ்டோரில் என் அளவு ஜாடியில் கோடு என்றால் கோடுதான். பீப்பாயிலிருந்து கைப்பம்பால் ஆயில் எடுத்துக் கொடுக்கும்போது, "இன்னும் ஒரு இழுப்பு போடுக்கா" என்று கேட்கிற மெக்கானிக்கைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குறைத்துப் போட்டால் திருட்டு, கூடப் போட்டால் தாராளம் என்று நினைக்கிறவர்களுக்கு அளவு என்றால் என்ன என்றே புரியவில்லை என்பேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தராசு' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது.

ஒர்க்‌ஷாப் மேலாளர் ஞானசேகரன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டிக்காரர் எவ்வளவு பதற்றமாக வந்தாலும், "பார்த்துடுவோம்" என்று ஒரு சொல் சொல்வார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுப்பார். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருப்பார். ஆயில் பார்க்க வண்ணத் துணி கூடாது என்பது அவர் சட்டம்.

அவர் ஆயில் அளவு பார்ப்பது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். எங்கள் தளத்தில் தண்ணீர் வடிவதற்காகச் சரிவு விட்டிருந்தார்கள். உள்பக்கம் ஓர் இடம் மட்டுமே சமம். வண்டி அங்கேதான் நிற்க வேண்டும். என்ஜினை அணைத்த பிறகு, மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கக் காத்திருக்க வேண்டும். பிறகு அளவுக் குச்சியை உருவித் துடைக்க வேண்டும். முதல் தடவை உருவியது கணக்கில் சேராது. மறுபடி கடைசி வரை செருகி, மறுபடி உருவி, கிடையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் நனைத்த விளிம்பு அந்த இரண்டுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டி இருந்தால் சரி. இதை அவர் செய்ய மாட்டார். வண்டியின் சொந்தக்காரரையே செய்ய வைப்பார். சட்டையில் கறை படுமே என்று தயங்குகிறவர்களிடம் துணியை நீட்டுவார்.

எந்த ஆயில் என்ற கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் எங்களுக்கு வந்தது. நெடுங்காலம் ஒரே பீப்பாய்தான், எல்லா வண்டிக்கும் அதுதான், கெட்டியான ரகம். எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். புதுவகைச் சின்னக் கார்கள் வரத் தொடங்கிய சமயம், கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு பெண் பொறியாளர் தன் காரை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். நான் ஜாடியில் ஆயில் பிடித்தபோது ஸ்டோரின் கண்ணாடி வழியாகப் பீப்பாயின் எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் காரின் புத்தகம். "மேடம், இதுல போட்டிருக்கிறது வேற நம்பர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எல்லாருக்கும் இதுதான் ஊத்தறோம்" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை, புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஞானசேகரன் சார் வந்து அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார், பின் உட்கார்ந்து படித்தார். "இவங்க சொல்றதுதான் சரி. இன்னிக்கு டின்ல வாங்கி ஊத்துங்க. நாளைக்கே இன்னொரு பீப்பாய்க்கு சொல்லிடுவோம்" என்றார்.

அவர் எனக்கு அன்று விளக்கியது இதுதான். டின்னில் இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதல் எண், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது. அது சின்னதாக இருந்தால் சட்டென்று ஓடும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது. நம் ஊரில் குளிர் எங்கே என்று கேட்டேன். "குளிருக்காக மட்டுமில்லம்மா, சந்துக்காகவும்தான். இந்த என்ஜின்ல ஆயில் போற வழியெல்லாம் குறுகல். காலையில சாவி போட்ட உடனே மேல வரைக்கும் போய்ச் சேரணும்" என்றார். பால் வடிகட்டியில் கூழை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதன்பின் ஸ்டோரில் இரண்டு பீப்பாய்கள், இரண்டு ஜாடிகள். மெல்லிய ஆயிலின் ஜாடிக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். "தண்ணி மாதிரி கீதே, இது ஆயிலா?" என்று முகம் சுளித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே என் தொண்டை வற்றியது.

இனி ஏழுமலையின் கதை. என் வேலைக்காலத்தில் சிக்கலாக வந்தது அது ஒன்றுதான் என்றில்லை, ஆனால் மறக்காதது அதுதான்.

மாமல்லபுரம் டாக்சி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜையன்று வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். ஸ்டாண்டு சங்கத்தின் சார்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லிட்டர் ஆயில் டின் கொடுப்பார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் டின்னைத் திறந்து என்ஜினில் ஊற்ற வேண்டும். வருடமெல்லாம் உழைத்த வண்டிக்கு வயிறு நிறையப் படைப்பது. படைக்கிற எண்ணெயை அளந்து பார்ப்பது தப்பு. அதனால் அன்று யாரும் குச்சியைத் தொட மாட்டார்கள். வழக்கம் தொடங்கிய நாளில் இதில் பிழை ஒன்றுமில்லை. அன்று ஸ்டாண்டில் நின்றவை வயதான பெரிய கார்கள், எப்போது திறந்து பார்த்தாலும் ஆயில் குறைந்தே இருக்கும். ஒரு லிட்டர் ஊற்றினால் சரியாகப் போய்விடும். சின்னக் கார்கள் வந்த பிறகும் வழக்கம் அப்படியே நின்றது. மொத்தமே மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கிற, ஒரு சொட்டும் எரிக்காத என்ஜினுக்கும் அதே டின்.

ஏழுமலை நெம்மேலிக்காரர். கடன் போட்டு ஒரு சின்னக் கார் வாங்கி அந்த ஸ்டாண்டில் விட்டிருந்தார். ஒரு வண்டி அவர் ஓட்டுவது. இந்தப் புது வண்டியை ஓட்டியது அவர் மனைவியின் தம்பி தருமன். அக்கா வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் எங்களுக்குப் பழக்கம். பூஜைக்கு முந்தைய வாரம்தான் புது வண்டிக்கு எங்களிடம் ஆயில் மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பச்சை ஜாடியில் நானே அளந்து கொடுத்தேன்.

பூஜை முடிந்து சில நாளில் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஏழுமலை முன்னால் வந்தார். தருமன் வண்டிக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சார், என்ஜின் பூட்ச்சி சார். ஆயிலே இல்லாம ஓட்டிகினு வந்துகீறான் இவன்" என்று ஆரம்பித்தார் ஏழுமலை. "பாண்டிச்சேரி சவாரி. வெள்ளக்காரங்க ரெண்டு பேரு. பாதி வழில ஆயில் லைட்டு எரிஞ்சிகீது, பின்னால ஒரே புகை. அவுங்க எறங்கி வேற வண்டி புடிச்சி பூட்டாங்க. ஸ்டாண்டுல என் மானமே போச்சி."

"மாமா, லைட்டு எரிஞ்ச ஒடனே நிறுத்திட்டேன். பங்க்ல ஒரு லிட்டர் வாங்கி ஊத்துனேன்" என்றான் தருமன், கதவைத் திறக்காமலே.

"பொய்யி சார். ஊத்தியிருந்தா லைட்டு ஏன் எரியுது? எங்கியோ கல்லுல இட்ச்சி ஆயில் மொத்தம் ஊத்திகினு பூட்ச்சி. அத்த மறைக்கிறான்." ஏழுமலை சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "சாவிய வாங்கி வச்சிகினேன். இனிமே இவன் வண்டியும் தொடக் கூடாது, வூட்டுக்கும் வரக் கூடாது. என் பொஞ்சாதி நம்ப மாட்டேங்கறா, தம்பி தம்பின்னு அழுவுறா. நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க சார், ஆயில் இல்லாம ஓட்டுனான்னு. பெரிய ஒர்க்‌ஷாப்புல சொல்லிட்டாங்கன்னா அவ அடங்கிடுவா."

"பார்த்துடுவோம்" என்றார் ஞானசேகரன் சார்.

வண்டியைச் சமமான இடத்துக்குத் தள்ளினார்கள். சார் டார்ச்சை வாங்கிக்கொண்டு முதலில் கீழே குனிந்து பார்த்தார். அடியில் கல் இடித்த தடம் இல்லை. எழுந்து துணியைத் தருமனிடம் நீட்டினார். "அன்னிக்கு வழியில எப்படிப் பார்த்தியோ, அப்படியே பாரு."

தருமன் குச்சியை உருவினான், துடைத்தான், செருகினான், மறுபடி உருவினான். முறையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே உற்றுப் பார்த்தான். முகம் வாடிவிட்டது. "ஒண்ணியும் தெரில சார். அன்னிக்கும் இப்டிதான் இருந்துச்சி. அதான் ஊத்துனேன்."

ஏழுமலை குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீங்களா! இப்பவும் ஆயில் இல்ல! லிட்டரு ஊத்துனானாம் லிட்டரு!" என்று கத்தினார். பக்கத்து வண்டிகளில் வேலை நின்றுபோனது. தருமன் கண் கலங்கியதை மறைக்கத் திரும்பிக்கொண்டான். என் தம்பி வயதுதான் அவனுக்கு. எனக்கு ஏழுமலை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் குச்சி சொல்வதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

சார் குச்சியை வாங்கினார். ஒரு நொடி பார்த்தார். பார்த்த இடம் கோடுகளுக்கு நடுவே இல்லை, வெகு மேலே, பிடிக்குப் பக்கத்தில். அதைத் திருப்பிச் செருகிவிட்டு, "லிஃப்ட்ல ஏத்துங்க. ஆயிலை இறக்கிடுவோம். விமலா, அளவு டின்னை எடுத்துட்டு வாங்க" என்றார்.

நான் கோடு போட்ட பெரிய அளவு டின்னைக் கொண்டுபோய்க் கீழே வைத்தேன். மாமனையும் மச்சானையும் சார் அதன் இரண்டு பக்கமும் நிற்க வைத்தார். என்ஜின் அடியில் ஆயில் இறக்கும் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் தடிமனாகக் கொட்டியது. தேன் நிறத்தில், நுரை நுரையாக. ஏழுமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சார் கையைக் காட்டினார். "சொட்டு நிக்கட்டும்."

மூன்று லிட்டர் கோட்டில் நிற்கும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. நான்கைத் தாண்டியது. அதன்பிறகும் தாரை மெலியாமல் வந்தது. ஏழுமலை குனிந்து டின்னின் பக்கவாட்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்ஜினைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். ஐந்தை ஒட்டி வந்த பிறகு சொட்டத் தொடங்கியது. சொட்டும் நின்றது.

"ஏழுமலை, பூஜையில நீங்க எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஸ்டாண்டுல குட்த்தது சார். ஒரு லிட்டரு."

"ஊத்தறதுக்கு முன்னாடி குச்சி பார்த்தீங்களா?"

"சாமிக்கு ஊத்துறத அளப்பாங்களா சார்?"

சார் தலையாட்டினார். தருமன் பக்கம் திரும்பி, "நீ?" என்றார். "ஒரு லிட்டரு சார்" என்றான் தருமன், முன்பு சொன்ன அதே குரலில். நாங்கள் ஊற்றியது மூன்றும் சொச்சமும். புகையாகக் கொஞ்சம் போயிருக்கும். மிச்சக் கணக்கு டின்னிலேயே நின்றது. யாரும் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு சார் விளக்கினார், மெக்கானிக்குகளுக்குச் சொல்வது போல, யார் முகத்தையும் பார்க்காமல். ஆயில் அளவுக்கு மேல் இருந்தால் என்ஜினுக்குள் சுழலும் தண்டு அதில் அடித்து மோர் கடைந்த மாதிரி நுரையாக்கிவிடும். நுரையைப் பம்பு இழுத்தால் அழுத்தம் விழும், லைட் எரியும். ஆயில் இல்லாவிட்டாலும் அதே லைட்தான், கூடிப்போனாலும் அதே லைட்தான். மிச்சம் காற்றுக்குழாய் வழியாக ஏறி எரிந்து புகையாகும். குச்சியில் ஏன் தெரியவில்லை? புது ஆயில், கண்ணாடி மாதிரி தெளிவு. கோடுகளுக்கு நடுவே விளிம்பு எங்கே என்றுதான் கண் தேடும். குச்சி அங்கே முழுவதும் நனைந்திருந்தது, விளிம்பு எங்கோ மேலே. விளிம்பைக் காணோம் என்றதும் ஆயிலே இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

ஏர் ஃபில்டர் டப்பாவில் ஆயில் தேங்கியிருந்தது. பிளக்குகள் நனைந்து கிடந்தன. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பச்சை ஜாடியில் நான் அளந்து கொடுத்ததை ஊற்றினார்கள். வண்டி கிளம்பியது. லைட் அணைந்தது. ஆனால் புகை குறையவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "உள்ள ஒட்டிக்கிட்டிருக்கிறது எரிஞ்சு தீரணும். திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஓட்டிட்டு வருவோம், நானும் வரேன்" என்றார் சார். என்ஜினை அணைத்து, சாவியை ஏழுமலையிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "வீட்ல சொல்ல ஒரு வார்த்தை கேட்டீங்களே ஏழுமலை. என்ன சொல்லட்டும்?" என்றார். கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஏழுமலை சாவியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை வண்டியின் முன்மூடிமேல் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். தருமன் அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். சார் முன்னிருக்கையில் ஏறி, "வாப்பா" என்றார். அவன் எடுத்தான். வண்டி ஊதாப் புகை விட்டுக்கொண்டே போய், சுத்தமாகத் திரும்பி வந்தது. 

குச்சியைப் பார்த்தவுடனேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதே, அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று அன்று மாலை அவரிடம் கேட்டேன். அந்தப் பையனை அவ்வளவு நேரம் நிற்க வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னா அது என் பேச்சு. வீட்டுக்குப் போற வழியிலேயே மறுபடி சந்தேகம் வந்துடும். கண்ணால பார்த்தா வராது" என்றார். அப்போது எனக்கு அது அரைமனதாகத்தான் சரியென்று பட்டது. தருமன் அக்கா வீட்டிலேயே இருந்தான், வண்டியும் ஓட்டினான். சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஏழுமலை அவனை 'இவன்' என்றுதான் சொன்னார்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டுக்காரர்கள் எங்களையும் அழைத்தார்கள். சாரும் நானும் போனோம். கடல்காற்றில் வாழைக்கன்றுகள் படபடத்துக்கொண்டிருந்தன. டின்கள் வழக்கம்போல் வந்திருந்தன. கற்பூரம் காட்டியானதும் மூடியைத் திறக்கக் கைகள் போயின.

"இருங்கப்பா" என்றார் ஏழுமலை. அந்தச் சின்னக் காரின் முன்மூடியைத் தூக்கினார். இடுப்பிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். குச்சியை உருவினார், துடைத்தார், செருகினார், மறுபடி உருவினார். "படைக்கிறத அளக்கறியா அண்ணாத்த?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குச்சியைத் தான் பார்க்காமல், பக்கத்தில் நின்ற தருமனிடம் நீட்டினார்.

"பாத்து சொல்லு மச்சான்."

தருமன் குச்சியைக் கிடையாகப் பிடித்தான். முதலில் மேலே பிடிக்குப் பக்கத்தில் பார்த்தான், பிறகு கோடுகளைப் பார்த்தான். "மேல்கோட்டுல கீது மாமா."

ஏழுமலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திறக்காத டின்னை எடுத்து, சந்தனம் வைத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மச்சான் சொல்லிட்டான். போதும்" என்றார்.